வயது கேட்காத தொட்டில் கடை

புளியரை எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல் சோதனைச் சாவடியைக் கடந்து கேரளத்து ஆரியங்காவுக்குள் இறங்கும் பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு தகரக் கொட்டகை தெரியும். வாசலில் பலாப் பலகைகள் சாய்ந்து நிற்கும். பெயர்ப் பலகை கிடையாது. தமிழ் பேசுகிறவர்களும் மலையாளம் பேசுகிறவர்களும் ஒன்றுபோலத் ‘தொட்டில் கடை’ என்கிறார்கள். மூன்றரை ஆண்டுகளில் அங்கே ஏழு பொருள்கள் வாங்கியிருக்கிறேன். தொட்டில், கிலுகிலுப்பை, நடைவண்டி, செப்புச் சாமான், படிப்பு மேசை, கைத்தடி, பல்லாங்குழி. செங்கோட்டையில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் இவற்றைப் பார்த்துவிட்டுக் கடையைப் பற்றி விசாரிக்கிறார்கள். நிறையும் குறையுமாக எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு முப்பத்தொரு ஆண்டுகள் வளர்ச்சி உளவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். கருவறையில் தொடங்கி முதுமை வரை ஒரு மனிதரின் மனம் எப்படி உருவாகிறது, எப்படி மாறுகிறது என்பதுதான் பாடம். ஆனால் பாடத்திட்டத்தில் பாதிக்கு மேல் குழந்தைப் பருவம். முதுமைக்குக் கடைசி இரண்டு வகுப்புகள்தான் மிஞ்சும். இந்தக் கடையை எனக்குப் பிடித்ததற்கு அந்த மனக்குறையும் ஒரு காரணம்.

முதல் தடவை போனபோது என் மகளுக்கு ஏழாம் மாதம். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடையும் கடைசல் வேலைக்குப் பேர்போன அம்பாசமுத்திரத்தில் தொழில் கற்று, பெண் எடுத்த ஊரோடு தங்கிவிட்டவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். கேரளத்து வழக்கப்படி அவர் என்னை டீச்சர் என்பார். தொட்டில் வேண்டும் என்றதும் ஒரு பழைய நோட்டை எடுத்தார். பெயர், ஊர், அதற்கு அடுத்த பத்தியில் ‘என்ன செய்யத் தெரியும்?’ என்று தமிழில் எழுதியிருந்தது. வயதுக்குப் பத்தியே இல்லை.

“இன்னும் பிறக்கவில்லை, அண்ணாச்சி.”

“அதனாலென்ன? ஏழாம் மாதம் என்றால் கேட்கத் தெரியுமே.” அப்படியே எழுதினார்: ‘கேட்கும்’.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வளைகாப்பில் அடுக்கும் வளையலின் ஓசை பிள்ளைக்குக் கேட்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அந்த வழியில் அவர் சொன்னார். நான் படித்த வழி வேறு. ஆறாம் மாதம் முடியும் தறுவாயில் கரு ஒலிக்கு அசைவு காட்டத் தொடங்குகிறது. 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பிள்ளைகளின் வாயில் ஒரு சூப்பானை வைத்தார்கள். ஒரு விதமாகச் சூப்பினால் தாயின் குரல் ஒலிக்கும், வேறு விதமாகச் சூப்பினால் இன்னொரு பெண்ணின் குரல். பிள்ளைகள் தாயின் குரலை வரவழைக்கும்படி சூப்பும் முறையை மாற்றிக்கொண்டன. 1986இல் டிகாஸ்பரும் ஸ்பென்ஸும் செய்த ஆய்வில், கடைசி ஆறு வாரம் தாய்மார் நாள்தோறும் உரக்க வாசித்த கதையைப் பிறந்த குழந்தைகள் வேறு கதையிலிருந்து பிரித்தறிந்தன.

அண்ணாச்சி ஒரு கிலுகிலுப்பையை எடுத்துக் கொடுத்து, “தாய் கையில் இருக்கட்டும், ஆட்டிக்கொண்டு இருக்கட்டும்” என்றார். வாங்கிக்கொண்டேன். ஆனால் கிலுகிலுப்பையை விடத் தாயின் குரலே உடம்பின் வழியாக உள்ளே தெளிவாகப் போகும். அதனால் மகளிடம், இதை ஆட்டுவதை விடப் பேசிக்கொண்டே இரு, பாடு என்றேன். அவளும் இரவில் வயிற்றைத் தடவிக்கொண்டு பாடினாள்.

பிறக்காத பிள்ளைக்குத் தொட்டில் வீடு தேடி வரக் கூடாது என்று என் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அண்ணாச்சிக்கு இது தெரிந்த வழக்கம்தான். தொட்டில் முழுவதையும் செய்து, பக்கவாட்டுக் கம்பி ஒன்றை மட்டும் மாட்டாமல் வைத்துவிடுவார். முன்பணமும் வாங்க மாட்டார். பேத்தி பிறந்த செய்தியைத் தொலைபேசியில் சொன்னதும் மறுமுனையில் சுத்தியல் சத்தம் கேட்டது. “மாட்டிவிட்டேன், டீச்சர்” என்றார்.

தொட்டிலைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தொட்டில் வாங்குவோர் இவற்றைப் பார்ப்பதில்லை. கம்பிகளுக்கு இடையில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். அளவுகோல் வைத்துப் பார்த்தேன், ஐந்தரைதான் இருந்தது. அடிப்பலகை தட்டை. சேலைத் தொட்டிலில் வளர்ந்தவர்கள் நாம், அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பச்சிளம் பிள்ளை நெடுநேரம் உறங்குவதற்கு மல்லாந்த கிடப்பும் தட்டையான படுக்கையும்தான் பாதுகாப்பு. சேலையின் குழிவில் மோவாய் நெஞ்சில் போய் முட்டும்.

தலைமாட்டில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட மரக்கிளி ஒன்று தொங்கியது. “முகத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டுங்கள். மேலே கட்டினால் அதற்குத் தெரியாது. கையை நீட்டிப் பிடிக்க ஆரம்பித்ததும் கழற்றிவிடுங்கள்” என்றார். பிறந்த குழந்தைக்கு இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. வெறும் நிறத்தை விட அழுத்தமான கோலங்களைக் குழந்தைகள் கூடுதல் நேரம் பார்க்கின்றன என்பதை ராபர்ட் ஃபான்ட்ஸ் 1960களின் தொடக்கத்தில் காட்டினார். பலகையில் எழுதி எழுதி நான் விளக்கியதை இவர் சாண் கணக்கில் வைத்திருக்கிறார்.

இனி நடைவண்டி. இங்கேதான் எனக்கு இந்தக் கடை மேல் பெரிய மதிப்பு வந்தது.

பேத்திக்கு ஏழு மாதம் ஆனபோது என் மகள் நகரத்துப் பெரிய கடை ஒன்றில் வட்ட வடிவ வாக்கர் வாங்கிவிட்டாள். பிளாஸ்டிக் வளையம், நடுவில் துணி இருக்கை, கீழே சக்கரம், மணி, விளக்கு. மூன்றாம் நாள் அது உருண்டு வாசற்படியில் கவிழ்ந்து குழந்தையின் மோவாய் கிழிந்தது. இன்னும் தழும்பு இருக்கிறது. கனடா 2004இலேயே இவ்வகை வாக்கர்களின் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. காயம் மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவதில்லை. வளையத்துக்குள் இருக்கும் குழந்தைக்குத் தன் கால் தெரிவதில்லை. நடப்பதற்கு வேண்டிய சமநிலையும் பழகுவதில்லை. 1999இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் வாக்கரில் இருந்த குழந்தைகள் உட்காரவும் தவழவும் நடக்கவும் மற்றவர்களை விடப் பின்தங்கின. அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம், ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நான் என் மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லாமல் போனேனே என்று இப்போதும் வலிக்கிறது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு தொட்டில் கடைக்குப் போனோம். நடைவண்டி கேட்டோம்.

“பிடித்து நிற்கிறதா?”

“தவழ்கிறாள்.”

“நின்ற பிறகு வாருங்கள்.” அவ்வளவுதான். விற்கவில்லை. ஒரு மாதம் கழித்து, நிற்கிறாள் என்று போனோம். குழந்தையைத் தரையில் விட்டுப் பார்த்தார். முக்காலியைப் பிடித்து நின்றாள். பக்கவாட்டில் ஓர் அடிகூட நகரவில்லை. “இன்னும் இல்லை” என்று மறுபடியும் திருப்பி அனுப்பினார். பதினோராம் மாதம்தான் வண்டி கிடைத்தது.

என் மகளுக்கு ஒரே கவலை. எதிர்வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டானாம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து 2006இல் வெளியிட்ட கணக்கை அவளுக்குச் சொன்னேன். தனியாக நடக்கத் தொடங்கும் காலம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீள்கிறது. அந்த இடைவெளிக்குள் எப்போது நடந்தாலும் இயல்புதான். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிட்டன. மாதத்தைப் பார்க்காதே, பிள்ளையைப் பார் என்று பயிற்சி மாணவர்களிடம் ஆண்டுதோறும் சொன்னவள் நான். விற்பனையை இரண்டு தடவை இழந்து அதைச் செய்துகாட்டியவர் இவர்.

வண்டியின் நயம் அதன் அச்சில் இருக்கிறது. சக்கரத்தோடு ஒட்டி ஒரு மர ஆப்பு. ஆப்பை இறுக்கினால் சக்கரம் முரண்டிக்கொண்டு மெதுவாகச் சுழலும். வண்டி குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடாது. முன்பக்கம் சிறு பெட்டி, அதில் மணல் மூட்டை வைத்தால் வண்டி குப்புறக் கவிழாது. அடி உறுதியானதும் ஆப்பைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், மணலைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். மூன்று முறை போய் ஆப்பைத் தளர்த்திக்கொண்டு வந்தோம், அதற்குக் காசு வாங்கவில்லை.

பிள்ளை தனியாகச் செய்வதற்கும் துணையோடு செய்வதற்கும் இடையில் உள்ள நிலப்பரப்பில்தான் கற்றல் நடக்கிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி. 1934இல், முப்பத்தேழு வயதில் காசநோயில் இறந்துபோனவர் அவர். அந்தத் துணையை 1976இல் உட், புரூனர், ராஸ் என்ற மூவர் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தோடு ஒப்பிட்டார்கள். சுவர் ஏற ஏறச் சாரத்தைப் பிரித்துக்கொண்டே வர வேண்டும். அந்த ஆப்பு ஒரு சாரம். பயிற்சி நிறுவனத்துக்கு இப்படி ஒரு வண்டியைக் கொண்டுபோய் வைத்திருந்தால் நாற்பது நிமிட வகுப்பு பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

விழுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு முதல் பத்தொன்பது மாதக் குழந்தைகள் விளையாட்டின்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைக்கின்றன, 17 முறை விழுகின்றன என்று கேரன் அடால்ஃபும் அவரது குழுவும் 2012இல் எண்ணிச் சொன்னார்கள். பேத்தி விழும்போதெல்லாம் ஓடிப் பதறிய என் மகள் இந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் அமைதியானாள். வண்டி விழாமல் காப்பதற்கு இல்லை. விழுந்து எழுந்து அடுத்த அடியை வைக்கும் ஆசையைக் காப்பதற்கு இருக்கிறது.

செப்புச் சாமானில் எனக்குப் பாதி மனநிறைவுதான். அடுப்பு, பானை, அகப்பை, ஆட்டுக்கல், திருகை, உரல், உலக்கை, சொளகு என்று பதினாறு உருப்படி. கடைசலில் சுழலும்போதே அரக்கை அழுத்தி நிறம் ஏற்றி, தாழை மடலால் தேய்த்து மெருகு கொடுத்திருக்கிறார். உலக்கையைக் கையில் எடுத்ததும் எனக்குக் கோபம் வந்தது, அது சுண்டுவிரல் கனம்தான் இருந்தது. ஒன்றேகால் அங்குலத் துளைக்குள் நுழையும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைத்துவிடக் கூடியது. சொன்னேன். அவர் முதலில் ஒப்பவில்லை, “காலங்காலமாக இப்படித்தான்” என்றார். அடுத்த முறை போனபோது உலக்கையும் அகப்பையும் தனிப் பொட்டலமாக மேல்தட்டில் இருந்தன. “மூன்று முடிந்த பிறகு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன்” என்றார். ஆனால் சாமான் வைக்கும் தட்டு ரப்பர் மரம். புனலூர்ப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்று போட்டுவிட்டார். சரியாகப் பதம் செய்யாத ரப்பர் மரத்தில் பூச்சி விழும். எட்டு மாதத்தில் தட்டின் அடியிலிருந்து மாவு கொட்டியது. மாற்றித் தர ஒரு வருடம் இழுத்தார்.

ஆனாலும் பேத்தி அந்தச் சாமானை வைத்து என் அம்மாவுக்கு வெறும் டம்ளரில் காப்பி ஆற்றிக் கொடுத்ததைப் பார்த்த நாளில் தட்டை மறந்துவிட்டேன். “சூடு, பூட்டி, ஊதிக் குடி” என்றாள். இல்லாத காப்பிக்கு இல்லாத சூடு. அவளுக்கு அப்போது இரண்டு வயது இரண்டு மாதம். ஒன்று இன்னொன்றாக நிற்கும் என்ற இந்த அறிவிலிருந்துதான் பிறகு எழுத்தும் எண்ணும் பிறக்கின்றன. என் அம்மா ஊதிக் குடித்தாள்.

படிப்பு மேசை என் தம்பி மகனுக்கு. பதினான்கு வயது. நானும் தம்பி மனைவியும் அவனை அழைத்துக்கொண்டு போனோம். உயரம், அகலம், புத்தகத் தட்டு எல்லாம் நாங்கள் சொன்னோம். அண்ணாச்சி எழுதிக்கொண்டார். பிறகு எங்களை விட்டுவிட்டுப் பையன் பக்கம் திரும்பி, “இழுப்பறைக்குப் பூட்டு வேண்டுமா, தம்பி?” என்று கேட்டார்.

அவன் அம்மாவைப் பார்த்தான். “எதற்குப் பூட்டு? இவனிடம் ஒளிக்க என்ன இருக்கிறது, மதினி?” என்று அவள் என்னிடம் கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக் கொஞ்சம் வெளியே கூட்டிக்கொண்டு போனேன். பதின்வயதின் முதன்மையான வேலை தான் யார் என்று தேடுவது என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் எழுதினார். தேடுவதற்கு ஒரு மறைவிடம் வேண்டும். மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முதிர்கிறது. அதுவரை நம்முடைய கண்காணிப்பு வேண்டும்தான். ஆனால் ஓர் இழுப்பறை அளவு இடம்கூடத் தராத வீட்டிலிருந்து பிள்ளை தன் மறைவிடத்தை வெளியே தேடிப் போவான். இதையெல்லாம் மரத்தூள் பறக்கும் வாசலில் நின்று அவளிடம் சொன்னேன். பூட்டுப் போட்டது. இரண்டு சாவி, ஒன்று அவனிடம், ஒன்று மூடிய உறையில் அவன் அம்மாவிடம். உறையை இதுவரை அவள் பிரிக்கவில்லை.

மேசையின் குறை, சாரல் காலத்தில் இழுப்பறை ஊதிக்கொண்டு திறக்க மறுக்கிறது. செங்கோட்டைப் பக்கம் மேசை வாங்குகிறவர்கள் இழுப்பறைக்கு ஒரு நூல் இடைவெளி கூடுதலாக விடச் சொல்லுங்கள்.

நடுவயதுக்காரர்களுக்கு என்று இந்தக் கடையில் எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் பருவத்தைக் கடந்தவர் தொழிலை எப்படி வைத்துக்கொள்கிறார் என்று பார்க்க அண்ணாச்சியையே பார்க்கலாம். இப்போது அவருக்கு எழுபத்து நான்கு. கதவு, ஜன்னல், கட்டில் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். தன் சக்திக்கு அடங்கும் ஏழெட்டு உருப்படிகளை மட்டும் வைத்துக்கொண்டார். வெளிச்சம் நன்றாக இருக்கும் காலை நான்கு மணி நேரம்தான் உளி பிடிக்கிறார். பாரம் தூக்குவதும் மின்கடைசலும் மகன் பொறுப்பு. ஜெர்மன் உளவியலாளர் பால் பால்ட்டஸ் முதுமையில் நன்றாக வாழ்கிறவர்களிடம் கண்டது இந்த மூன்றையும்தான்: தேர்ந்தெடுப்பது, தேர்ந்ததைத் தீட்டுவது, இழந்ததற்கு ஈடு தேடுவது. அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது ரூபின்ஸ்டைன் என்ற பியானோக் கலைஞரை. எண்பது வயதில் அவர் குறைந்த உருப்படிகளை வாசித்தார், அவற்றைக் கூடுதலாகப் பயின்றார், வேகமான இடம் வருவதற்கு முன் நடையைக் கொஞ்சம் தாழ்த்தி வேகத்தை எடுப்பாகக் காட்டினார். இனி வகுப்பு எடுக்க நேர்ந்தால் நான் இந்தக் கொட்டகையைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

வயது ஏறினால் அறிவு எல்லாப் பக்கமும் ஒரே சரிவாக இறங்கும் என்பதும் சரியல்ல. வார்னர் ஷை என்பவர் சியாட்டிலில் 1956இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, சொல்வளமும் காரணம் காணும் திறனும் நடுவயதில்தான் உச்சத்தைத் தொடுகின்றன என்று காட்டியது. சட்டென்று கண்டுகொள்ளும் வேகமோ முன்னதாகவே குறையத் தொடங்குகிறது. அதே 1956 நவம்பர் முதல் தேதிதான் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. என் அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது.

இப்போது அம்மாவைப் பற்றி.

போன ஆண்டு ஆனியில் முற்றத்தில் வழுக்கி விழுந்தாள். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அதன்பிறகு கட்டிலை விட்டு இறங்க மறுத்தாள். அலுமினியத் தடி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். “ஆஸ்பத்திரித் தடி” என்று சுவரோடு சாய்த்துவிட்டாள். கால் நடக்கும், மனம் நடக்காது. மனித வாழ்வை எரிக்சன் பிரித்த எட்டுப் பருவங்கள் ஆசிரியர் பயிற்சியில் எல்லாரும் மனப்பாடம் செய்வது. ஒன்பதாவது ஒன்று உண்டு; அதைச் சேர்த்தவர் அவர் மனைவி ஜோன். கணவர் 1994இல் இறந்த பிறகு, தொண்ணூறைத் தாண்டிய வயதில் எழுதி 1997இல் வெளியிட்டார். எண்பது, தொண்ணூறுகளில் உடம்பு தளரும்போது பழைய போராட்டங்கள் எல்லாம் திரும்பி வருகின்றன என்றார். முதற்பருவத்தில் குழந்தை உலகத்தை நம்பக் கற்றுக்கொள்கிறது. ஒன்பதாம் பருவத்தில் கிழவிக்குத் தன் உடம்பின் மேலேயே நம்பிக்கை போய்விடுகிறது. அம்மா கட்டிலோரத்தைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாள்களில்தான் அந்தப் பாடம் எனக்கு முழுதாக விளங்கியது.

கார் வைத்து ஆரியங்காவுக்குக் கூட்டிப்போனோம். 2011 கணக்கெடுப்பில் கேரள மக்களில் நூற்றுக்கு 12.6 பேர் அறுபது தாண்டியவர்கள், இந்தியாவிலேயே மிகுதி. ஆனாலும் ஆளைப் பார்த்து அளவெடுத்துத் தடி செய்து கொடுக்கும் இடம் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. அண்ணாச்சி நோட்டை எடுத்தார். அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, என்னைக் கேட்காமல் அவளையே கேட்டார்.

“ஆச்சிக்கு என்ன செய்யத் தெரியும்?”

எத்தனையோ படிவங்கள் அம்மாவுக்காக நிரப்பியிருக்கிறேன். எது முடியாது, எது மறந்துபோகிறது, எதற்குத் துணை வேண்டும் என்றே எல்லாவற்றிலும் கேட்டிருக்கும். அம்மா சிறிது நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு, “பல்லாங்குழி ஆடுவேன். யாரையும் ஜெயிப்பேன்” என்றாள்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

தடிக்கு அளவெடுத்த விதம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. வழக்கமாகப் போடும் செருப்போடு நிற்க வைத்து, கையைத் தளரத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டின் மடிப்பு எந்த உயரத்தில் வருகிறதோ அங்கே தடியின் பிடி வரும்படி குறித்தார். அப்போதுதான் ஊன்றும்போது முழங்கை சற்றே மடங்கும். வலிக்கும் கால் எது என்று கேட்டார். இடது. தடியை வலக்கையில் கொடுத்தார். நோகும் காலுக்கு எதிர்க் கையில்தான் தடி இருக்க வேண்டும்; பலர் நோகும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். பிடியை அம்மாவின் உள்ளங்கைக்கு மூன்று முறை சீவிப் பார்த்தார். அடியில் ரப்பர்ப் பூண். அம்மா அந்தக் கொட்டகையில் பதினோரு அடி நடந்தாள். நான் எண்ணினேன்.

பல்லாங்குழி இரண்டு வாரத்தில் வந்தது. குழிகள் வழக்கத்தை விட அகலம், சரிவு இளக்கம். நடுங்கும் விரலுக்கும் காய் வசமாக ஏறி வருகிறது. விளிம்பு அரை அங்குலம் உயர்ந்திருப்பதால் சிந்துவதில்லை. இவ்வளவு யோசித்தவர் காய்க்கு மஞ்சாடியோடு ஒரு பிடி குன்றிமணியையும் கலந்து கொடுத்துவிட்டார். குன்றிமணி மென்றால் நஞ்சு. குழந்தை இருக்கும் வீட்டில் மஞ்சாடியே ஆபத்து, இதை எப்படி வைத்தீர்கள் என்று தொலைபேசியில் கடிந்துகொண்டேன். மகன் கட்டிய பொட்டலமாம். யார் கட்டினாலும் தவறுதான். இங்கே பல்லாங்குழி வாங்குகிறவர்கள் காயைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் பழைய சோழிகளைப் போட்டு ஆடுகிறோம். ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியை அலமாரியின் மேல் ஏற்றிவிடுவேன்.

மதியம் மூன்று மணிக்கு அம்மாவும் பேத்தியும் பலகைக்கு இருபுறம் உட்காருவார்கள், நான் நடுவில். பேத்திக்கு இன்னும் எண்ணத் தெரியாது. ஒரு குழிக்கு ஒன்று போடத் தெரியும். எண்ணின் முதற்படி அது. அம்மாவுக்குக் காலையில் என்ன சாப்பிட்டாள் என்பது நினைவில் நிற்பதில்லை. ஆனால் காயை அள்ளியதும் “ஒந்நு, ரண்டு, மூந்நு” என்று மலையாளத்தில் எண்ணுகிறாள். திருவிதாங்கூர்க் காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எண். இதற்கு முன் அவள் வாயில் நான் கேட்டதில்லை. முதியவர்களிடம் கேட்டால் பத்து வயது முதல் முப்பது வயது வரையான நினைவுகள் மற்ற ஆண்டுகளின் நினைவுகளை விடக் கூடுதலாக மேலெழுந்து வரும் என்று ஆய்வுகளில் படித்திருக்கிறேன். இப்போது பேத்தியும் “ஒந்நு” என்கிறாள்.

விலை சொல்லிவிடுகிறேன். பலாவில் செய்த தொட்டில் 7,500 ரூபாய், நடைவண்டி 1,400, செப்புச் சாமான் 650, பல்லாங்குழி 900, கைத்தடி 450. மேசை தேக்கு, 11,000 ஆனது. கிலுகிலுப்பைக்குக் காசு வாங்கவில்லை. பேரம் பேச முடியாது. சொன்ன தேதிக்குப் பொருள் கிடைத்ததில்லை. இரண்டு வாரம் என்றால் ஐந்து வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையிலும் சாரலிலும் மரம் காய வேண்டும் என்பார், அதில் நியாயம் உண்டு. வெள்ளிக்கிழமை கடை இல்லை. போகும்போது பொருள் யாருக்கோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் நான்கு நாள் கூர்ந்து பார்த்துவிட்டுப் போங்கள். நோட்டை நீட்டிக் கேட்கும்போது பதில் வேண்டும்.

தடி வாங்கிப் பத்து மாதம் ஆகிறது. அம்மா தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய் வருகிறாள். முதுகு இன்னும் கொஞ்சம் வளைந்திருக்கிறது, பிடி இப்போது மணிக்கட்டுக்கு மேலே நிற்கிறது. அரை அங்குலம் அறுக்க வேண்டும். நாளைக் காலை பஸ்ஸில் தடியோடு போகிறேன். பேத்தியும் வருகிறாள். அவளுக்கு மூன்று முடிந்துவிட்டது, மேல்தட்டில் இருக்கும் உலக்கையை வாங்க வேண்டும்.